சைனோவின் வால்

தோமாசா குதிரையின் வாலடியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது. தம்பி எவாரிஸ்தோ கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுகிறான். ஏதாவது வேண்டுமென்றால் தட்டு என்று அவள்தான் கரண்டியைக் கொடுத்து வைத்திருந்தாள். நேற்றுவரை அந்தச் சத்தம் கொட்டகையைத் தாண்டியும் கேட்டது. இன்று ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கையை எடுத்தால் குதிரை பின்புறத்தைத் தூணில் கொண்டுபோய்ச் சாய்த்துவிடும். நாலு தேய்ப்புப் போதும், இத்தனை நாளாக முளைத்ததெல்லாம் உதிர்ந்துவிடும். குதிகால் வரை புரளவேண்டிய வால். இப்போது அடிப்பகுதி உரித்த சோளச்சக்கை போல இருந்தது. நடுவில் ரத்தம் கசிந்து காய்ந்த கோடுகள், நுனியில் மட்டும் ஒரு குஞ்சம். பூனை ரோமம் அளவுக்கு அங்கங்கே ஏதோ அரும்பியிருந்தது. அதை அவள் காலையிலும் மாலையிலும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

குதிரையின் தலைக்கயிற்றைக் குட்டையாக, தூணை எட்டாத இடத்தில் கட்டிவிட்டு உள்ளே போனாள்.

எவாரிஸ்தோ வாசல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். முகம், கண், நகக்கண் எல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டுவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டவுன் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மஞ்சளோடு கூடவே ஒரு அரிப்பும் வந்தது. உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை. வந்த புதிதில் அவன் இரவெல்லாம் சொறிந்து, விடிந்தால் விரிப்பெல்லாம் ரத்தப் பொட்டுகளாக இருக்கும். பார்க்க வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போய், அகோஸ்தா வீட்டில் ஆளைப் பூச்சி தின்கிறது என்று பேசமாட்டார்களா? தோமாசா அவன் நகங்களை ஒட்ட வெட்டினாள். அதுவும் போதாமல் இரண்டு வெள்ளைக் காலுறைகளை அவன் கைகளில் மாட்டி, மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்டினாள். அந்தக் கைகளோடுதான் அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சைனோ சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"ஆளி விதை?"

"வேகவெச்சு ஆறவெச்சுத்தான் போட்டேன். புல்லை ரெண்டு தண்ணியில அலசினேன். மக்காச்சோளம் ஒரு மணி கூடக் காட்டலை. போதுமா?"

"வால்?"

"வளருது."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கியது. "பொய் சொல்றப்ப உனக்குக் கழுத்து விறைச்சுக்கும்க்கா. சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்."

அவள் தலையணையை நிமிர்த்தினாள்.

"ஒரு தடவை அவனை அவுத்து விடேன். தூண்ல நல்லா சொறிஞ்சுக்கட்டும்."

"சொறிஞ்சா வந்த முடியெல்லாம் போயிடும்."

"போகட்டும்." இரண்டு வெள்ளைக் கைகளையும் அவளுக்கு முன்னால் தூக்கிக் காட்டினான். "சரி, இதையாவது கழட்டு."

"புண்ணாயிடும்டா."

"இனிமே ஆகி என்ன?"

டாக்டர் சொல்லித்தந்தபடி, நகம் படாமல், உள்ளங்கையால் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தான். தட்டுவதில் அந்த அரிப்பு ஒரு துளியும் அடங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். விடாமல் தட்டினாள்.

செத்தால் சைனோ தன் பின்னால் வரவேண்டும் என்று எவாரிஸ்தோ கேட்டிருந்தான். கேட்காவிட்டாலும் அதுதான் வழக்கம். அந்தப் பக்கத்தில் ஆள் போனால் அவன் ஏறிய குதிரை, வெறும் சேணத்தோடு, பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரை நடக்கவேண்டும். தோமாசாவின் அப்பாவுக்கு நடந்தது. அவருடைய அப்பாவுக்கும் நடந்தது. குதிரை வராவிட்டால் அகோஸ்தாக்கள் அதையும் விற்றுத் தின்றுவிட்டார்கள் என்பார்கள். வந்தால், எல்லாரும் முதலில் பார்ப்பது வாலைத்தான்.

வேறு வீடாக இருந்தால் வெறும் வால் வெறும் வாலாகவே போயிருக்கும். இந்த வீட்டுக்கு அப்படியில்லை. எவாரிஸ்தோ வாலிபனாக இருந்த காலத்தில், ஒரு நடன விருந்துக்கு வெளியே கட்டியிருந்த அவன் குதிரையின் வாலை யாரோ அடியோடு வெட்டிவிட்டார்கள். அந்த ஊரில் ஆணுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கன்னத்தில் அறைந்தால்கூடத் திருப்பி அறையலாம். வாலை வெட்டியது இலாரியோ தெச்சேரா என்று எல்லாருக்கும் தெரியும். எவாரிஸ்தோ மணந்துகொண்ட, இப்போது உயிரோடில்லாத பெண்ணை அவரும் கேட்டிருந்தார். மறுநாள் எவாரிஸ்தோ கத்தியோடு தெச்சேராவின் வாசலில் போய் நிற்பான் என்று ஊர் காத்திருந்தது. அவன் வாலில்லாத குதிரையில் ஏறி, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தான். சேணத்தை இறக்கினான். மாத்தே இலைக் கஷாயம் போட்டுக் குடித்தான். "முடிதானே, வளரும்" என்றான். அவ்வளவுதான்.

முடி வளர்ந்தது. 'மொட்டைவால்' என்ற பெயர் மட்டும் போகவில்லை. அப்பா அதற்குப் பிறகு சாகும்வரை மகனோடு ஒரே மேசையில் உட்காரவில்லை. எவாரிஸ்தோவின் மகன் எலியோ, மொட்டைவால் மகன் என்று சொன்னவனையெல்லாம் அடித்தும் அடிபட்டும் வளர்ந்தான். இப்போது தூரத்தில் ஒரு பால் பண்ணையில் வேலை. நெற்றியில் தழும்பு. இன்னொரு தடவை எவனாவது எங்கப்பா குதிரை வாலைத் தொட்டால் அவனுக்குக் கை இருக்காது என்று குடித்தபோதும் சொல்லியிருக்கிறான், குடிக்காதபோதும் சொல்லியிருக்கிறான். சைனோவுக்கு இப்படி ஆகியிருப்பது அவனுக்குத் தெரியாது. தோமாசா யாருக்கும் சொல்லவில்லை.

லஸ்கானோவிலிருந்து வந்த மாட்டு டாக்டருக்கு மட்டும் தெரியும். இது அழுக்கில் வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை, பொடிக்கொசு கடித்து வருகிற அலர்ஜி என்று அவர் சொன்னார். கொசுவின் எச்சில் சில குதிரைகளின் உடம்புக்கு ஆவதில்லையாம். ஆற்றங்கரைச் சதுப்பை வெட்டி வாய்க்கால் இழுத்து நெல் போட்ட பிறகு, அந்தி சாய்ந்தால் பொடிக்கொசு புகை மாதிரி எழுந்தது. வெயில் தாழ்வதற்குள் உள்ளே கட்டுங்கள், உடம்புக்கு மெல்லிய துணி போர்த்துங்கள், சூடு கிளப்புகிற தீனி வேண்டாம், சொறிய விடாதீர்கள் என்றார். தோமாசா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாவுப் பைகளைப் பிரித்துத் தைத்துப் போர்வை செய்தாள். காய்ந்த சாணத்தில் மூட்டம் போட்டாள். டாக்டர் வண்டியில் ஏறும்போது அவர் இங்கே வந்ததே வெளியில் தெரியவேண்டாம் என்று சொல்லி, காலைக் கட்டிய ஒரு கோழியைக் கொடுத்தாள். அவர் கோழியை வாங்கிக்கொண்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சன்னலில் வெளிச்சம் சிவக்கத் தொடங்கியிருந்தது. கொசு கிளம்பும் நேரம். "அவனை உள்ள கட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லி எழுந்தாள். எவாரிஸ்தோ கண்ணைத் திறக்கவில்லை.

போர்வையைப் போட்டு, முடிச்சுகளை இழுத்துப் பார்த்து, மூட்டத்தில் ஊதி, கதவுக்குக் கம்பி மாட்டிவிட்டு அவள் திரும்பி வந்தபோது அறையில் கரண்டி கீழே கிடந்தது.

ஒரு காலுறை அவன் நெஞ்சின்மேல் இருந்தது. நாடாவைப் பல்லால் இழுத்துப் பிரித்திருக்கிறான், துணி ஈரமாக இருந்தது. விடுபட்ட கை சட்டைக்குள், விலா எலும்பின்மேல் இருந்தது. கழுத்து நீண்டு, முகம் மேலே பார்த்திருந்தது. மேலுதடு மட்டும், விசிலடிக்கப் போகிறவனுக்குப் போல, கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

தோமாசா அப்படியே நின்றாள். பிறகு கரண்டியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தாள். சட்டைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. தாடையைத் துணியால் கட்டும்போது அந்த உதட்டை விரலால் மெல்ல உள்ளே அழுத்தினாள்.

மற்றக் காலுறையையும் கழற்றி, இரண்டையும் துவைத்துக் கம்பிக்கொடியில் போட்டாள். யாருக்காகத் துவைக்கிறோம் என்பது துவைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

செய்தி தெரிந்ததும் வண்டிகளும் குதிரைகளும் வரத் தொடங்கின. அண்டை வீட்டுப் பெண்கள் வந்து எண்ணெய்ப் பணியாரம் சுட்டார்கள். ஆண்கள் வாசலில் நின்று கரும்புச் சாராயத்தை மெதுவாகக் குடித்தார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட நல்ல சட்டையில் எவாரிஸ்தோ பெட்டிக்குள் கிடந்தான். மணிக்கட்டுக் கீறல்கள் வெளியே தெரியாதபடி கைப்பட்டையை அவள் இழுத்து ஊசி போட்டிருந்தாள். வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், அவள் வந்தவர்களைப் பார்த்தாள். எவனாவது சிறுநீர் கழிக்கக் கொல்லைப் பக்கம் போனால் அவளும் ஏதோ சாக்கில் எழுந்து பின்னாலேயே போனாள். கொட்டகைக்குள் குதிரை காலை உதைத்துக்கொண்டிருந்தது. என்ன இப்படி உதைக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, எசமான் போனது அதற்குத் தெரிந்துவிட்டது என்றாள். கேட்டவர் தொப்பியைக் கழற்றினார்.

எலியோவும் அவன் மனைவி மிர்த்தாவும் விடிந்த பிறகுதான் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவன் அப்பாவின் நெற்றியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நேரே குதிரைக்குச் சேணம் போடப் போனான். தோமாசா கதவருகில் நின்றிருந்தாள்.

"நான் பூட்டியாச்சு."

"நான்தான் பூட்டணும் அத்தை. மகன் பூட்டணும்."

"பூட்டியாச்சுன்னு சொன்னேன்ல. நீ கடிவாளத்தைப் பிடிச்சு நடந்தாப் போதும்."

குதிரையை வெளியே கொண்டுவந்தாள். செம்மறித் தோல் விரித்து, வெள்ளிக் குமிழ் துடைத்த சேணம். வால் மட்டும் அடியிலிருந்து நுனிவரை கறுப்புத் துணியால் இறுகச் சுற்றித் தைத்திருந்தது. அம்மா செத்தபோது தோமாசா உடுத்திய துக்கப் பாவாடையின் துணி அது.

எலியோ வாலையே பார்த்தான். "இது என்ன?"

"துக்கம்."

"தாத்தாவுக்கு இப்படிக் கட்டலையே."

"தாத்தாவுக்கு நான் கட்டலை. தம்பிக்குக் கட்டறேன்."

அவள் கழுத்து விறைத்துக்கொண்டது. எலியோ அப்பாவைப் போல அதைக் கவனிக்கிறவன் இல்லை. கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். முதுகுப் பக்கம் இடுப்புப் பட்டையில் கத்தி செருகியிருந்தான். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை, அங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான். ஆனாலும் தோமாசா அந்தக் கத்திப் பிடியைப் பார்த்தாள்.

பெட்டி ஒரு தட்டு வண்டியில் முன்னால் போனது. பின்னால் சைனோ, அதை ஒட்டினாற்போல் தோமாசா. காரில் ஏறச் சொன்னவர்களுக்கு, நடக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். குதிரையின் பின்புறத்துக்கும் ஊர்க் கண்ணுக்கும் நடுவில் தன் அகலம் முழுவதையும் வைத்துக்கொண்டு நடந்தாள். காற்றில்லாத புழுக்கமான காலை. துணிக்குள் வால் இப்படியும் அப்படியும் துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அவள் தையல்களைப் பார்த்தாள். தாங்கு, கல்லறை வரைக்கும் தாங்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

குறுக்குச் சாலையில் தெச்சேரா வீட்டு ஆட்கள் குதிரைகளில் வந்து சேர்ந்தார்கள். முன்னால் இலாரியோ, இப்போது கிழவர், கறுப்புக் கோட்டு, தொப்பி தொடையின்மேல். யாரையும் பார்க்காமல் தலையை மட்டும் குனிந்துவிட்டு வரிசையில் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அவர் தாண்டிப் போகும்போதுதான் தோமாசா அதைப் பார்த்தாள். அவர் குதிரையின் வால் மடித்து முடிச்சுப் போடப்பட்டிருந்தது. மழைக்காலத்தில், சேறு அப்பாமலிருக்க, எல்லாரும் அப்படி முடிவார்கள். ஆனால் மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது. சாலையில் குதிகாலளவு புழுதி. அவள் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வந்தவன் குதிரையிலும் முடிச்சு. பெரெய்ரா வீட்டு அண்ணன் தம்பி இருவர் குதிரைகளிலும் முடிச்சு. வால் தொங்கவிட்ட குதிரைகளைவிட முடிந்த குதிரைகளே அதிகம் போலத் தோன்றியது.

காது சுட்டது. மொட்டைவாலின் சாவுக்கு மொட்டைவாலாகவே வந்திருக்கிறார்கள்.

எலியோவும் பார்த்துவிட்டான். "அத்தை, எல்லாவனும் வாலை முடிஞ்சிட்டு வந்திருக்கான். பாத்தீங்களா?"

"பாக்கலை."

"பொணத்தைக் கூடக் கிண்டல் பண்றானுங்க."

"முன்னாடி பாத்து நட."

"அந்தக் கிழவன்தான் ஆரம்பிச்சிருப்பான்."

"உங்கப்பன் வண்டியில போறான், எலியோ. நட."

அவன் நடந்தான். ஆனால் கடிவாளத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டான், வலது கை சும்மா தொங்கத் தொடங்கியது. மிர்த்தா முந்தி வந்து அவன் பக்கத்தில் நடந்தாள்.

கல்லறை மேட்டின்மேல் இருந்தது. கீழே நெல் வாய்க்கால். பெட்டியை இரும்புக் கதவுக்கு முன்னால் இறக்கினார்கள். எல்லாரும் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்கள். ஜெபம் சொல்ல வந்த பெண் மெல்லிய குரலில் தொடங்கினாள். குனிந்த தலைகளுக்கு மேலே, புழுக்கத்தில் அந்திக்குக்கூடக் காத்திராமல், பொடிக்கொசு ஒரு தூணாகச் சுழன்றது.

சைனோ காதைப் பின்னால் மடித்தது. பின்னங்காலைத் தரையில் அறைந்தது. தோமாசா அதன் தொடையில் உள்ளங்கையால் தட்டினாள், தம்பி முதுகில் தட்டியது போலவே. குதிரை ஒரு அடி பின்னால் வந்தது. அவள் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். எழுபதைத் தாண்டிய தோள் அது. குதிரை இன்னும் ஒரு அடி வந்தது, அவளைப் பக்கவாட்டில் நகர்த்தியது, பின்புறத்தை இரும்புக் கதவில் வைத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கியது.

கதவு கிறீச் கிறீச் என்று முழுச் சத்தத்தில் ஆடியது. ஜெபம் தடுமாறி நின்றது. கீல் ஆணியில் துணி மாட்டியது, தையல் ஒவ்வொன்றாக விட்டது, கறுப்புச் சுருள் தரையில் விழுந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். ரத்தக் கோடு விழுந்த வெறும் வால், நுனியில் ஒரு குஞ்சத்தோடு, காலை வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

எலியோ முதலில் வாலைப் பார்த்தான். பிறகு இலாரியோவைப் பார்த்தான். கடிவாளம் கீழே விழுந்தது.

"மறுபடியுமா?" என்றான். சத்தமாகக்கூட இல்லை.

அவன் கை முதுகுப் பக்கம் போனது. மிர்த்தா பிடித்த சட்டை அவள் கையிலிருந்து நழுவியது. கிழவர் இருந்த இடத்திலேயே நின்றார். அவருடைய மகன்கள் இருவர் மெல்ல முன்னால் வந்தார்கள், அவர்கள் கைகளும் முதுகுப் பக்கம் போயின.

தோமாசா சொல்லாமல் இருந்தால் இந்த வீட்டின் மானம் அப்படியே இருக்கும். பழி தெச்சேராவின்மேல் போகும். நாற்பது வருஷமாக ஊர் எதிர்பார்த்தது இன்று நடக்கும், மொட்டைவால் என்று இனி ஒருவன் சொல்லமாட்டான். அவள் எலியோவின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள்.

அவனுக்கும் கிழவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"அது சொறி" என்றாள்.

"நகருங்க அத்தை."

"யாரும் வெட்டலை. சொறி. நம்ம குதிரைக்குச் சொறி." மேட்டில் இருந்த கடைசி ஆளுக்கும் கேட்கும்படி அவள் குரல் உயர்ந்தது. "போன கோடையிலேர்ந்து இருக்கு. பொடிக்கொசு கடிச்சு வர்றது. அது தானே தேய்ச்சுத் தேய்ச்சு இப்படி ஆக்கிக்குது. உங்கப்பாவுக்குத் தெரியும். நான்தான் யாருக்கும் காட்டலை. அந்தத் துணியும் அதுக்குத்தான் சுத்தினேன். துக்கத்துக்கு இல்லை."

எலியோவின் கை கத்தியிலேயே இருந்தது. அவன் வாலை மறுபடி பார்த்தான். குதிரை யாரையும் லட்சியம் பண்ணாமல் கதவில் தேய்த்துக்கொண்டே இருந்தது.

தோமாசா நிமிர்ந்து நின்று சிரிப்புக்காகக் காத்திருந்தாள். அகோஸ்தா வீட்டுச் சொறிக் குதிரை. பெயர் இப்போதே எங்கோ உருவாகிக்கொண்டிருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் பலர் தரையைப் பார்த்தார்கள். இலாரியோ தெச்சேரா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, நிதானமாகத் தன் குதிரையிடம் போனார். முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்க அதிகம் ஒன்றும் இல்லை. நாலைந்து இழை மயிர் கீழே தொங்கியது, மேலே சைனோவுக்கு இருந்தது போலவே வெறும் சக்கை.

"எங்க வீட்டுல மூணு குதிரைக்கு, தோன்யா தோமாசா" என்றார் மரியாதையாக. "எதிர் வீட்டுக்காரன் பாத்துடுவானேன்னு வெயில்லயும் முடிஞ்சுக்கிட்டுத் திரியறோம்."

பெரெய்ரா தம்பி, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் குதிரையின் முடிச்சை அவிழ்த்தான். அப்புறம் இன்னொருவர். எல்லாரும் அவிழ்க்கவில்லை. ஆனால் அவிழ்க்காதவர்களும் கையைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"மாட்டு டாக்டர் உங்க வீட்டுக்கும் வந்தாரா?" என்று கேட்டாள் தோமாசா.

"வந்தார்."

"வெளிய சொல்ல வேண்டாம்னு நான் ஒரு கோழி கொடுத்தேன்."

"நான் வாத்து" என்றார் இலாரியோ.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. சாவு இடம் என்பதால் அது உடனே இருமலாக மாறியது. எலியோ கத்தியிலிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். மிர்த்தா கீழே கிடந்த கடிவாளத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஆளி விதையை வேகவைக்கணுமா, ஊறவெச்சாப் போதுமா?" என்று பெரெய்ரா அண்ணன் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வேகவைக்கணும். ஊறவெச்சா வயிறு கட்டிக்கும்." தோமாசா கழுத்தை இன்னும் நிமிர்த்தினாள். "இப்ப என் தம்பியை இறக்குங்க."

கயிற்றின் ஒரு முனை பிடிக்க ஆள் குறைந்தபோது இலாரியோ வந்து பிடித்தார். எலியோ எதிர் முனையில் இருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரே நிதானத்தில் கயிற்றை விட்டார்கள். அந்தப் பழைய வாலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி வீடு காலியானது. பண்ணையில் மறுநாள் காலை பால் கறக்க வேறு ஆள் இல்லை, எலியோ சாயங்காலப் பஸ்ஸைப் பிடித்தாகவேண்டும். போகும்போது, இனி குதிரையை என்ன செய்வது என்று கேட்டான். இங்கேயே இருக்கட்டும் என்றாள். தனியாக இருந்துவிடுவீர்களா என்று மிர்த்தா கேட்டாள். அவள் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் சாலை திரும்பியதும், துக்க உடையை மாற்றாமலேயே அடுப்பைப் பற்றவைத்து ஆளி விதையை ஏற்றினாள். புல்லை அலசிப் பிழிந்தாள். தொட்டியில் கொட்டும்போது காது தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கரண்டிச் சத்தத்துக்கு.

வெளிச்சம் சிவந்துகொண்டு வந்தது. வாய்க்கால் பக்கத்திலிருந்து கொசு கிளம்பும் நேரம். கொட்டகைத் தூணருகே சைனோ நின்றது. கயிற்றை இன்று குட்டையாகக் கட்ட மறந்திருந்தாள். அது பின்புறத்தைத் தூணில் சாய்க்கப் போய், அவள் வருவதைப் பார்த்து, பாதியில் நிறுத்தியது. துரத்தப்படுவதற்காகக் காத்திருந்தது.

தோமாசா எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்தாள். குதிரையின் பின்பக்கம் போனாள். வெறும் வாலடியில் விரல்களை வைத்தாள். தட்டவில்லை. நகங்களை ஊன்றி, மேலிருந்து கீழாக, அழுத்திச் சொறிந்தாள். அரும்பியிருந்த பூனை ரோமமெல்லாம் அவள் கறுப்புக் கைப்பட்டையில் உதிர்ந்து ஒட்டியது. அவள் நிறுத்தவில்லை. இரண்டு கைகளாலும் சொறிந்தாள்.

குதிரை அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகக் கழுத்தை நீட்டி முகத்தை மேலே தூக்கியது. அதன் மேலுதடு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, லேசாக நடுங்கத் தொடங்கியது.